நூறு போக மீதி

ஆசாரிப்பள்ளத்து எடைக்கருவி
நூற்றிமுப்பதோடு நின்றுவிட்டது.
குலசேகரத்தில் ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசுதான்
சொல்லி அனுப்பியது: நூற்றைம்பத்தொன்று.
"சத்தமா சொல்லாண்டாம், டாக்டறே" என்றார் றசலையன்,
வராந்தா முழுக்கக் கேட்கும் குரலில்.

சொல்லவில்லை. தேவையும் இல்லை.
உயரம் நூற்றறுபத்தைந்து.
நூறு போக மீதி எவ்வளவோ
அந்த ஆளுக்குத்தான் மருந்து.
தசையைத் தளர்த்தும் இது
கொழுப்புக்குள் குடியேறாது.
முழு எடைக்கும் கணக்கிட்டால்
பித்தப்பை வெளியே வந்து, தையலும் போட்டு,
சர்ஜன் டீக்கடைக்குப் போன பிறகும்
நெஞ்சுக்கூடு அசையாமல் கிடக்கும்.

ஆகவே நாலு மில்லி,
அறுபத்தைந்து கிலோ றசலையனுக்கு.
அவரை நான் பார்த்ததில்லை.
கல்யாண ஆல்பத்தில் இருக்கலாம்.

இப்போது மணிக்கட்டில் மின்சாரம் நாலு தட்டு தட்டுகிறது.
கட்டைவிரல் இரண்டுக்குத் துடித்துவிட்டு
மீதியை மறந்துவிடுகிறது.
ஜெபக்கனி சிஸ்டர் ஊசியோடு நிற்கிறார்.
திருப்பிக் கொண்டுவரும் மருந்து
ஆளைப் பாதியாக்கிப் பார்ப்பதில்லை,
முழு எடையும் வேண்டும் அதற்கு.
மாஸ்க்குக்குள் முனகினால்
சிஸ்டருக்கு நூற்றொன்று என்று கேட்கும்.

மன்னிச்சிரும், றசலையன்.
சத்தமாகவே சொல்கிறேன்.