வேலியில் ஒரு பொறி

வினாடிக்கு ஒருமுறை ஒரு கீறல்,
மூன்று இரவாக.
காரூவின் நடுவில் காது விரித்துக் கிடக்கும் தட்டுகளுக்கு
எங்கிருந்தோ யாரோ நாக்கைச் சொடுக்கிக் காட்டுகிறார்கள்.
தேடிப் பிடிப்பது என் வேலை.
கைபேசியைக் காவலறையில் கொடுத்துவிட்டு
டீசல் வண்டியை எடுத்தேன்.

தட்டுகள் கேட்பது ஹைட்ரஜனை.
தனித்துவிட்ட ஓர் அணு
ஒரு கோடி ஆண்டுக்கு ஒருமுறைதான் வாய் திறக்கும்.
கோடானுகோடி சேர்ந்தால் ஒரு முனகல்.
அந்த முனகலில்தான் இருக்கிறது கணக்கு:
எந்த விண்மீன்திரளிடம்
இன்னும் எவ்வளவு மிச்சம்.

ஸ்நைமன் பண்ணைக்குப் போகும் வழியில்
பெயர்ப்பலகை மட்டும் நிற்கும் ஆறு பண்ணைகள்.
ஒவ்வொன்றாக விலைக்குப் போய்
ஏழுக்கும் இப்போது ஒரே கதவு.
திரள்களும் அப்படித்தான் பெருத்தன.
முதலில் எல்லாமே சில்லறை.
கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கனம் பள்ளம் பறித்து வைக்க
அதில் வாயு வடிந்து, குளிர்ந்து, பற்றிக்கொண்டது.
பெரியது சிறியதை இழுத்தது.
அந்த மோதலில் விண்மீன்கள் ஒன்றையொன்று தொடக்கூட இல்லை,
அத்தனை இடைவெளி.
வாயுதான் வாயுவில் முட்டிப்
புதுத் தீ மூட்டியது.
நம்முடையதன் வாயிலும்
பாதி மென்ற ஒன்று இப்போதும் இருக்கிறது.

ஃப்ளோரிஸ் ஸ்நைமன் வேலியருகே நின்றான்.
"நீ பூய்சன் வீட்டு மார்லீன்தானே.
மின்சாரத்தை நிறுத்து என்பாய்.
போன குளிரில் நாற்பத்துமூன்று குட்டி.
நரிக்கு யார் சொல்வது?"

கொண்டுபோன படத்தை வண்டியின் மூக்கில் விரித்தேன்.
ஒரு வட்டு. அதன் ஒரு பக்கம் பிய்ந்து நீண்ட வால்.
"முள்ளில் மாட்டிய ரோமம் மாதிரி இருக்கிறது."
நெருக்கடியான கூட்டத்துக்குள் விழுந்த திரள் அது, என்றேன்.
வாயுவை எதிர்க்காற்று உரித்துக்கொண்டது.
இனி அங்கே பிறப்பு இல்லை.
நீலம் முதலில் தீரும்,
சிவப்பு நெடுநாள் எரியும்.
"வெடிக்குமா?"
"இல்லை. வரத்து நின்றுவிட்டது, அவ்வளவுதான்."

அவன் தன் அணையைப் பார்த்தான்.
மூன்று வருடமாகப் பாளம் பாளமாகச் சேறு.
"தண்ணீர் நின்றால் ஆடு உடனே சாகாது," என்றான்.
"முதலில் சினை பிடிக்காது."

படத்தைச் சுருட்டினேன்.

அவனுடைய பழைய டிரான்சிஸ்டரைக் காதோரம் பிடித்துக்கொண்டு
வேலி நெடுக நடந்தோம். டிக். டிக்.
பிரபஞ்சத்தின் பெரிய ஈற்றுப் பருவம்
ஆயிரம் கோடி ஆண்டுக்கு முன்பே முடிந்துவிட்டதை
அவனிடம் சொல்லவில்லை.
இருட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது:
ஓடைப் படுகையில் சாய்ந்த கம்பம்,
விரிசல் விட்ட பீங்கான்,
அதில் ஊசிமுனை அளவு நீலம்
பிறந்து பிறந்து செத்துக்கொண்டு.
அழகாகத்தான் இருந்தது.
மாற்றினேன்.

டிரான்சிஸ்டரில் வெறும் இரைச்சல்.
ஃப்ளோரிஸ் நம்பவில்லை.
வேலி உயிரோடிருக்கிறதா என்று பார்க்கப்
பச்சையாக ஒரு புல் வேண்டும்;
கைவிளக்கில் தேட வெகுநேரம் ஆயிற்று.
அதன் நுனியால் கம்பியைத் தொட்டான்,
மூச்சை நிறுத்திக் காத்திருந்தான்.

"இருக்கு," என்றான்.