நாற்பத்தோராம் இலக்கம்

விடிய நாலரைக்கு மட்டக்களப்பு ஸ்டேஷனில்
பெட்டியை இறக்கினேன். ஐஸ் பாதி தண்ணீர்.
வெப்பமானி ஏழு காட்டியது.
எட்டுவரை பரவாயில்லை. ஒப்பமிட்டேன்.

தொண்ணூற்றாறு குழிகள்.
பிள்ளைக்கு இரண்டாகச் சீரம் விட்டு
ஜெனரேட்டர் இரைச்சலுக்குள்
கழுவி, தட்டி, கழுவி
கடைசித் துளி விழ
நீலமெல்லாம் மஞ்சளாயிற்று.

நாற்பத்தொன்றுக்கு மட்டும்
ஒரு குழி கடும் மஞ்சள்
அடுத்தது வெறும் தண்ணி போல.
ஒரே பிள்ளை. ஒரே இரத்தம்.
குமிழியோ, பிப்பெட்டோ,
என் நித்திரையோ.

கிரானிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள்
ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள்.
அவள் முந்தானையைச் சுழற்றுகிறான் மகன்,
சுழற்றுகிறான்.
ஐந்து வயது. ‘ம்’ கூட இல்லை.

“எவ்வளவு இருக்கு மிஸ் அவனுக்கு?”

இது ஆராய்ச்சிக்கு மட்டும், வருத்தத்தின் பேர் சொல்லாது என்று
பெட்டியின் பக்கவாட்டில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.
ரெண்டு குழியும் ஒத்துவரவில்லை என்றேன்.
மிச்சச் சீரம் காணாது,
திரும்பக் குத்தவேணும் என்பதையும்.

சிரித்தாள்.
“அவன் அப்படித்தான்.
காலமைக்கு ஒராள், பின்னேரம் வேறொராள்.”
சட்டைக் கையை மடித்துவிடத் தொடங்கினாள்.

பதிவேட்டில் எழுதினேன்:
நாற்பத்தொன்று.
சராசரி எடுக்கப்படவில்லை.