பின்பக்கத்துப் பொடி எழுத்து

சோடியம் ஹைட்ராக்சைடு.
இந்தப் பெயரை நான் முதலில் படித்தது
குழாய் அடைப்பை அரிக்கும் பொடி டப்பாவில்,
சமையலறைத் தொட்டிக்கு அடியில் மண்டியிட்டபடி.
இரண்டாவதாகப் படித்தது
என் முடியை நேராக்கும் கிரீம் டப்பாவில்.
இரண்டும் ஒரே சனிக்கிழமை.
முப்பத்தொன்பது வயது எனக்கு.
அதற்கு முன் இருபத்தாறு வருடம்
முன்பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்:
காற்றில் கூந்தல் பறக்கச் சிரிக்கும் ஒருத்தி.

திங்கட்கிழமை ஒட்ட வெட்டிய தலையோடு வேலைக்குப் போனேன்.
மில்வாக்கி துறைமுகம். சரக்குப் பட்டியல் சரிபார்ப்பவள்.
பெட்டிக்கு வெளியே என்ன எழுதியிருக்கிறது,
உள்ளே என்ன இருக்கிறது,
பத்தொன்பது வருடமாக இதுதான் என் சோறு.
கிரேன் ஓட்டும் டெஸ்மண்ட் ஒரு நொடி பார்த்துவிட்டு
"குளிராதா, ஆர்டீலியா?" என்றான்.
குளிர்ந்தது.

ஒன்றரை வருடத்தில் ஒரு சாண்,
அதுவும் இழுத்துப் பிடித்து அளந்தால்.
விட்டால் பேனா ஸ்பிரிங் போல
ஒன்றுமே நடக்காத முகத்தோடு
காதுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கடையில் பூதக்கண்ணாடியோடு நிற்கப் பழகினேன்.
முதலில் தண்ணீர். எப்போதும் தண்ணீர்தான்.
கடல் போல ஏரி கிடக்கும் ஊரில்
பதினான்கு டாலருக்குத் தண்ணீர்.
பிறகு பந்தி:
அதிகம் இருப்பவர் முதல் இலையில்,
குறைய இருப்பவர் கடைசி இலையில்.
நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால்
வரிசை கிடையாது, எங்கேயும் உட்காரலாம்.
முன்பக்கத்தில் பிளந்த ஷியா கொட்டை,
தங்க எழுத்து, வழியும் வெண்ணெய்.
பின்பக்கத்திலோ
வாசனைத் திரவியம் சாப்பிட்டுக் கைகழுவி எழுந்த பிறகும்
வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறது ஷியா.

சல்பேட் கூடாது என்றார்கள். ஆல்கஹால் கூடாது என்றார்கள்.
யார் என்றால், எல்லோரும்.
கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள்கூட.
அன்று இரவே குளியலறை அலமாரியை விசாரித்தேன்.
பெஹென்ட்ரிமோனியம் மெத்தோசல்பேட்.
வாய்க்குள் நுழையாத பெயர், வாலில் சல்பேட்.
போ வெளியே.
செடைல் ஆல்கஹால். நீயும்தான்.
பாதிக்கு மேல் நிறைந்த புட்டி
குப்பைக்குள் விழுந்த சத்தம்
தீர்ப்பு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சீப்பு மூன்று பல் இழந்தது.

ரசீனில் சோப்புத் தொழிற்சாலையில்
கலவைத் தொட்டி பார்த்துக்கொள்கிறவள் குவினெட்டா.
போனில் அவள் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
"வால் ஒன்றாக இருந்தால் ஒரே குடும்பமா?
அது நுரைக்காது, எண்ணெயை உரிக்காது.
முடியும் முடியும் மல்லுக்கட்டும்போது
நடுவே வழுவழுவென்று நுழையும்.
அந்த ஆல்கஹாலும் சாராயம் இல்லையடி,
மெழுகுச் செதில்,
நான் வாளி வாளியாக அள்ளியிருக்கிறேன்.
சிக்கெடுக்க வந்தவளைப் பிடித்து
நீ தெருவுக்குத் துரத்தியிருக்கிறாய்."

பெயரின் வாலைப் பார்த்து
ஒரே ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பியிருந்தாலும்
துறைமுகத்தில் என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

குப்பை லாரி செவ்வாய்தான் வரும்.
இரவுடை மேல் கோட்டு, வெறுங்காலில் பூட்ஸ்.
தொட்டி மூடியில் நான்கு விரல் பனி.
பக்கத்து வீட்டு கோவால்சிக்கின் நாய்
என்னைத் திருடி என்றே முடிவு செய்தது.
காப்பித்தூளுக்கு அடியில் கிடந்தது புட்டி,
கல்லாக உறைந்து.

வெந்நீரில் நிறுத்திவைத்தேன்.
அது இளகும்வரை
மறுபடி படித்தேன், இந்த முறை யாரையும் துரத்தாமல்.
கிளிசரின்.
வறண்ட குளிரில் முடியின் ஈரத்தையே இது குடித்துவிடும்
என்கிறாள் ஒருத்தி. சுத்தப் பொய் என்கிறாள் இன்னொருத்தி.
எனக்குத் தெரியாது.
மார்ச் வரை பார்க்கலாம், தலையே சொல்லட்டும்.

கொஞ்சம் திரிந்திருந்தது. குலுக்கினேன்.
பிடரியில் வைத்த விரல்
தடுக்காமல் நுனிவரை வந்தது.
மிச்சப் பற்களோடு சீப்பும் பின்னாலேயே வந்தது,
மன்னிப்புக் கேட்பது போல், ஓசையில்லாமல்.

மணி பன்னிரண்டு. ஒரு பின்னல் முடிந்தது.
இன்னும் பதினொன்று.
காலையில் ஏழு மணிக்குக் கப்பல்.