மஞ்சள் கை

கேமராவுக்கு என் முகம் தெரிய வேண்டுமென்றால்
மேசை விளக்கை மூக்குக்கு நேரே திருப்பி வைக்க வேண்டும்.
லீட்ஸில் இருந்த ஐந்து வருஷத்தில் பழகியது.
இப்போது நாகர்கோவில், செட்டிகுளம் பக்கம்,
இரண்டாம் மாடி வாடகை வீடு.
வெளியே சாரல். கரண்டு எப்போது போகுமென்று
இன்வெர்ட்டருக்கே தெரியாது.

வியாழன் இரவு ஏழரைக்கு
'மனம் திறந்து பேசுவோம்' என்று கம்பெனி ஒரு கூட்டம் வைத்தது.
நாற்பத்தைந்து நிமிடம்.
அதில் முப்பது நிமிடம்
மனம் என்றால் என்னவென்று ஸ்லைடு போட்டு விளக்கினார்கள்.
பிறகு, ஜெபின் கிளாட்சன், நீங்கள் ஏதாவது?

சொன்னேன்.

கிளாட்சன் என்ற பெயரைப் பார்த்து
நேர்காணலுக்குக் கூப்பிட்டவர்
கதவைத் திறந்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்,
கிளாட்சன் இன்னும் வரவில்லையா என்று.

கழிப்பறைச் சோப்பு எந்திரம்
உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினால்தான் எனக்குத் துப்பும்.
புறங்கையை அது கையென்றே எண்ணவில்லை.
அதை ஆபீசில் வேடிக்கையாக முதலில் சொன்னவன் நான்தான்.
அதற்குப் பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

நான் வைத்த யோசனை
ஆறிப்போன சாயா மாதிரி மேசையில் கிடக்கும்.
பத்து நிமிடம் கழித்து டெரிக் அதையே எடுத்துச் சொல்வான்,
எல்லாரும் ஆவி பறக்கக் குடிப்பார்கள்.

கிறிஸ்துமஸ் விருந்தில் விளக்கணைத்தபோது
'ஜெபின், சிரி, அப்போதுதான் தெரிவாய்' என்றான் ஒருவன்.
விளையாட்டுக்குத்தான் என்றான்.
சிரித்தேன்.
பல் தெரிய.

நன்றாகத்தான் பேசினேன்.
தொண்டை அடைக்க வேண்டிய இடத்தில் அடைத்தது.
திரையில் இதயங்கள் மிதந்து மேலே போயின.
டெரிக்கின் கண் கலங்கியிருந்தது,
இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றான்.

அப்போது ஓரத்தில் ஒரு செய்தி, எனக்கு மட்டும்.
சகாய ரெஜிலா. டெஸ்டிங். ஊர் கொடிமுனை.
கேமராவை அணைத்துவிட்டு
ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் இருந்தாள்.

'நல்லா பேசினிய அண்ணா.
நீங்க திரும்பி வந்த மாசம்
மணிமேடை ஆபீஸ்ல
எனக்க சோத்துப் பாத்திரத்த
ரெண்டு விரலால தூக்கி ஜன்னல்ல வச்சியளே,
கடப்புறத்து வாசம் சர்வருக்கு ஆகாதுன்னு.
அதையும் சொல்லுவியளோன்னு பாத்தேன்.'

உண்டு. வச்சேன்.
மொத்த ஆபீசும் சிரித்தது.
அவளும் சிரித்தாள்,
பல் தெரிய.

அன்றைக்கு என் வீட்டிலும் சாளைப் புளிமுளம்தான்.
அவள் ஊர்க்காரர்கள் பிடித்த சாளை.
மீன் வேறு, மீன்காரர் வேறு என்று
எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை.
தெரிந்தே பிறக்கிறோம்.

'விளையாட்டுக்கு' என்று டைப் செய்தேன்.
அழித்தேன்.

அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கை எழுந்தது.
ஐந்து நிறத்தில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்று
போன வருஷம் பெருமையாக மின்னஞ்சல் அனுப்பினார்களே, அந்தக் கை.
அவள் எதையும் எடுக்கவில்லை.
யாருடைய தோலுமல்லாத அந்த மஞ்சளிலேயே
தூக்கிப் பிடித்திருந்தாள்.

'நான்கு நிமிடம் இருக்கிறது' என்றாள் கூட்டம் நடத்தியவள்.
'ஆனால் இவ்வளவு கனமானதைக் கேட்ட பிறகு
இத்தோடு நிறுத்துவதுதான் மரியாதை.'
எல்லாரும் தலையாட்டினார்கள்.
என் மைக் திறந்தேதான் இருந்தது.
ரெஜிலா கை தூக்கியிருக்கிறாள்.
மூன்றே சொல்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று என்று
சொல்ல ஆசைதான்.
போகவில்லை.
விளக்கு என் முகத்தில்
நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.