எட்டு விநாடி

கிளாக்ஸ்விக் துறையில் மழை என்று சொல்ல முடியாத ஓர் ஈரம்.
கட்டி நிறுத்திய மீன்பிடிக் கப்பலின் மேல்தளத்தில்
எட்டுப் பேர் இடமும் வலமுமாக ஓடுகிறார்கள்,
கயிறு தளர்த்திய கப்பலை
வேண்டுமென்றே ஆட்டிவிட.
கரையில் சைக்கிளோடு நிற்கும் பையனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"போதும்" என்கிறாள் சுன்வா.
எட்டுப் பேரும் நட்ட நடுவில் மூச்சிரைக்க நின்றுவிட்டார்கள்.
கப்பல் நிற்கவில்லை.
பன்னிரண்டு பாகை. ஒன்பது. ஏழுக்குச் சற்றுக் குறைவு.
போய்த் திரும்ப ஒவ்வொரு முறையும் எட்டு விநாடி.

நனைந்த தாளில் பென்சில் வழுக்குகிறது.
முடுக்கம் ஓர் உறுப்பு,
வேகத்தின் காலைப் பிடித்திழுக்கும் தண்ணீர் ஓர் உறுப்பு,
எப்படியும் நிமிர்ந்துவிடப் பார்க்கும் கப்பலின் பிடிவாதம் மூன்றாவது.
மூன்றும் சேர்ந்தால் பூச்சியம்.

விடை இப்படித்தான் இருக்கும் என்று
ஓர் அடுக்கை ஊகித்துப் போடுகிறாள்
(ஊகம்தான். பலித்த பிறகு முறை என்று பெயர்).
இருபடிச் சமன்பாடு.
வர்க்கமூலத்துக்குள்ளே ஒரு கழித்தல் குறி.

தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார் கப்பல்காரர் ரோக்வி.
"கற்பனை எண்ணா?
இதற்கு நான் கட்டும் வட்டி கற்பனை இல்லையே, அம்மா."

அவள் பதில் சொல்லவில்லை.
இரண்டு மூலங்களையும் எழுதுகிறாள்,
ஒன்று மேலே, ஒன்று கீழே,
நீர்க்கோட்டில் படகும் அதன் தலைகீழ்ப் படகும் போல.
சேர்த்துக் கூட்டியதும்
கற்பனை கற்பனையைத் தின்றுவிடுகிறது.
மிஞ்சுவது சைன், கொசைன்;
சமையலறை மேசையில்
காப்பிக் கோப்பை நழுவிப் போவதும் திரும்பி வருவதும்.

மெய்ப்பகுதிக்குக் கீழே மட்டும் இருமுறை கோடு இழுக்கிறாள்.
மெய் என்றால் உடம்பும்தான்,
அது அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை.
கழித்தல், பூச்சியம் புள்ளி பூச்சியம் மூன்று ஆறு.
கப்பலின் உயிர் இவ்வளவு சிறிய எண்ணில்.

"எப்போது நிற்கும்?"
"கணக்குப்படி, ஒருபோதும் இல்லை."
அதற்குள் கோப்பை நின்றிருந்தது.

அடிவயிற்றின் இருபுறமும் நீளத் தகடு பொருத்தினால்
அந்த எண் இரட்டிக்கும் என்கிறாள்.
போன வருடமும் சொன்னாள்.
போன வருடம் அவர் விலையைக் கேட்டதோடு சரி.

இன்று தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.
"இந்த இரண்டு எழுத்தும் ஏன் சும்மா நிற்கின்றன?"
"மாறிலிகள்.
தொடங்கும்போது எவ்வளவு சாய்ந்திருந்தீர்கள்,
எவ்வளவு வேகத்தில் சாய்ந்துகொண்டிருந்தீர்கள்."
"அதை யார் நிரப்புவது?"

சுன்வா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
துறைமுக வாய்க்கு வெளியே பார்த்தாள்.
ரோக்வியும் பார்த்தார்.
பிறகு, தகட்டின் விலையை
இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.