ரஸ்க் காயும் சூடு

அட்டன் புத்தகக் கடையில், பசைப் போத்தல்களுக்குப் பின்னால்
ஆறு நிறம் ஒரு பெட்டியில் கிடந்தது.
பொலிமர் களி என்று கடைப் பையன் வாசித்துச் சொன்னான்.
களி என்றால் எனக்கு உளுந்தும் நல்லெண்ணெயும்.
இது புதுச் செருப்பாக மணந்தது.
ஒரு பேரும் ஓர் அரைப்பேரும் போன விலை.
யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழி மலையில் அது செங்கல்.
அழுத்தினால் நொறுங்கியது, உருட்டினால் வெடித்தது.
மறுநாள் கடதாசியில் சுற்றி
பச்சையை இடது அக்குளிலும் மஞ்சளை வலது அக்குளிலும்
இடுக்கிக்கொண்டு மலைக்குப் போனேன்.
கொழுந்தைத் தோளுக்குப் பின்னால் எறியும்போதெல்லாம்
கை பாதியில் நின்றது.
"என்ன புள்ள, கையத் தூக்க மாட்டேங்கிற?"
சிவபாக்கியம் கேட்டாள். காய்ச்சல் கட்டி என்றேன்.
என் சூட்டைக் குடித்துக் குடித்து
பகல் கொழுந்து நிறுக்கிற நேரம்
பிசைகிற பதத்துக்கு வந்திருந்தது.
அன்றைக்கு நாலு கிலோ குறைவு.

ராத்திரி, லயத்து பல்பின் கீழே
வெள்ளையை முதலில் எடுத்தது என் மடத்தனம்.
சுவெட்டர் நூல், விரல் வெடிப்பில் ஊறிய கொழுந்துக் கறை,
பூனை மயிர் ஒன்று,
எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சாம்பலானது.
கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.
கொழுக்கட்டை பிடிக்கிற கைதானே என்று நினைத்திருந்தேன்.
அழுத்தினால் தட்டை, விட்டால் முட்டை.
ஒன்று மாட்டு உண்ணி மாதிரி,
ஒன்று ரத்தம் குடித்து விழுந்த அட்டை மாதிரி.
உடைந்த குடைக் கம்பியால் துளை போட்டேன்:
இந்தப் பக்கம் குத்த, அந்தப் பக்கம்
தொப்புள் தள்ளியது.

சலித்துப்போய் ஜன்னல் கட்டையில் விட்டுவிட்டுப் படுத்தேன்.
பகலெல்லாம் பகையாக இருந்த குளிர்
ராத்திரியில் இறுக்கிக் கொடுத்திருக்கிறது.
விடியப் பார்த்தால், கம்பி
இங்கிருந்து பாதி, அங்கிருந்து பாதி,
திருகத் திருக நேராகப் போனது.

லயத்தில் போறணை ஏது?
நோர்வூட் பசாரில் நிஸ்தார் காக்காவின் பேக்கரிக்குக்
கொண்டுபோனேன், மீன் டின் மூடியில் வைத்து.
"தின்ற சாமானா?"
இல்லை.
"அப்ப மணிகள் ஒனக்கு, நாத்தம் எனக்கா?"
பாண் எடுத்த சூட்டிலேயே தள்ளினேன்.
பதினொன்றும் கருகிப் பொங்கின.
கிம்புலா பனிஸ் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு
அவர் முற்றத்துக்கு ஓடினார், திட்டிக்கொண்டே.

அடுத்த ஞாயிறும் போனேன்.
கதவைத் திறந்துவிட்டு ஒரே ஒரு சொல்:
"ரஸ்க் காயிற சூடு வரட்டும்."
மூன்று மணி நேரம் மா மூட்டையில் உட்கார்ந்திருந்தேன்.
வெளியே மழை. போறணை மெல்ல மெல்லக்
கோபம் ஆறியது.

ஆறிய மணிகளை வெளிச்சத்தில் திருப்பினேன்.
ஒவ்வொன்றிலும் என் பெருவிரல்.

போன மாதம் கண்டியில் பாஸ்போட் கந்தோரில்
கண்ணாடி மேல் விரலை வைக்கச் சொன்னார்கள்.
துடைத்து வை. ஈரமாக்கி வை. அழுத்தி வை.
பெட்டிக்குள் ஒன்றும் விழவில்லை.
பதினாறு வருசம் கிள்ளிய கை.
"ரேகை தேஞ்சிருக்கு, பிறகு வாங்க" என்று
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இங்கே பார்த்தால் சுழி சுழியாக இருக்கிறது.
நடுவில் கவ்வாத்துக் கத்தி பட்ட வெட்டும்
தலைமயிர் போல, அப்படியே.

அரத்தாள் போட்டால் வழவழப்பாகும் என்றார் காக்கா.
இரண்டைத் தேய்த்துப் பார்த்தேன்.
கடையில் தொங்குகிற மணிகள் மாதிரி வந்தன.
மற்றதை விட்டுவிட்டேன்.

தையல் நூலை மெழுகில் இழுத்துக் கோத்து
திங்கட்கிழமை பெரட்டுக்குப் போட்டுக்கொண்டு போனேன்.
எங்கே வாங்கினாய் என்றாள் சிவபாக்கியம்.
அட்டனில் என்றேன். பாதி பொய்.
ஒரு மணியைப் பிடித்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.
"இதுல யாரோட கையோ பதிஞ்சிருக்கே புள்ள,
வெலய கொறச்சானா?"

ஒரு சதம் குறைக்கவில்லை என்றேன்.