பன்னிரண்டு கிலோ

எடை போட்டுத்தான் கொடுத்தார்கள் செவ்வாய்ப்பேட்டையில்:
மூடிப்போன டீக்கடையின் ஒற்றை அடுப்பு,
வார்ப்பிரும்பு.
ஏற்காடு பஸ்ஸில் அதற்கும் லக்கேஜ் டிக்கெட்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
முழங்காலிடையே இறுக்கிப் பிடித்து வந்தேன்,
அடுத்த வீட்டுப் பிள்ளையைப் போல.

டியூபை மாட்டி, கிளிப்பை முடுக்கி,
சோப்பு நுரை தடவிக் காத்திருந்தோம்.
குமிழி இல்லை.
பத்த வை, என்றாள் பிலோமினா.
மஞ்சளாய் எரிந்து புகைந்தது.
அணைத்து, ஆறவிட்டு,
தலையிலிருந்து ஊசியை உருவித்
துளை துளையாய்க் குத்தினாள்.
உதிர்ந்தது
யார் டீக்கோ பொங்கிக் கருகிய பால்.

பிறகு நீலம்.

இங்கே பனிமூட்டம் சன்னல் வழி வந்து
இரும்பைத் தின்னும்.
தினம் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.
ரெகுலேட்டரை மூடினியா, போர்வைக்குள்ளிருந்து கேட்பாள்.
மூடிட்டேன் என்று சொல்லிவிட்டு
எழுந்துபோய்ப் பார்ப்பேன்.